மாமாவின் மூக்கும் என் நாக்கும்

கடை சொல்வது சாதாரண வேலை என்று நினைப்பவர்கள், தான் சொன்ன கடையில் சாப்பிட்டுவிட்டு வந்தவரின் முகத்தைப் பார்த்திராதவர்கள். இப்போதெல்லாம் கைப்பேசியில் நட்சத்திரம் பார்த்துப் போகிறார்கள். சாப்பாடு வாயில் வைக்க வழியில்லாமல் இருந்தாலும் திட்ட ஆளில்லை. நான் நான்காம் வகுப்பு படித்த காலத்தில், கல்மண்டபம் பகுதியில் எங்கள் தெருவுக்கு அந்த நட்சத்திரமெல்லாம் என் மாமாதான். பாராட்டும் திட்டும் நேரே வாசலுக்கு வந்துவிடும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தார். இரும்புக் குழாய்களை அமிலத் தொட்டியில் முக்கி எடுக்கிற ஒரு தொழிற்சாலையில், திருவொற்றியூர்ப் பக்கம் வேலை. கல்யாணம் ஆகவில்லை, சொல்லிக்கொள்கிற மாதிரி சம்பளமும் இல்லை. கோயில் பாட்டுக் குழுவில் சேர்ந்து பார்த்தார், வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். கேரம் போர்டில் அவரை ஜோடி சேர்த்துக்கொள்ள ஆள் கிடைக்காது. ஆனால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எந்தக் கடையில் எந்த வேளைக்கு எதைச் சாப்பிட வேண்டும் என்று கேட்டால் அவரை விட்டால் ஆளில்லை. தெரு முனையில் நின்றபடியே எந்த வீட்டில் வஞ்சிர மீன், எந்த வீட்டில் காரப்பொடி மீன் என்று சொல்லிவிடுகிற மூக்கு அவருக்கு.

வெறும் கடையைச் சொல்ல மாட்டார். தண்டையார்பேட்டை பாய் கடைக்குப் போனால் முதல் அண்டா திறக்கும்போதே போய்விடு, இரண்டாவது அண்டாவில் அரிசி குழைந்துவிடும் என்பார். மாதவரத்தில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற பரோட்டா கடையில் சால்னாவைக் கேட்டு வாங்கு, அவர்களாகக் கொடுக்கிற சால்னா வேறு என்பார். பர்மாவிலிருந்து வந்தவர்கள் போடுகிற அத்தோ வண்டியில், அந்த நூடுல்ஸைப் பிசைகிற பெரியவர் இல்லாத நாளில் சூப்பை மட்டும் குடித்துவிட்டு வந்துவிடு என்பார். அந்த வாரத்தில் தான் சாப்பிட்டுப் பார்க்காத கடையை அவர் யாருக்கும் சொன்னதில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தெருவில் முதலில் மாமாவைத்தான் தேடுவார்கள். அப்போது அவர் நடக்கிற நடையே வேறாக இருக்கும்.

அந்த மூக்கு போய்விட்டது. அமிலத் தொட்டியால் போயிற்றா, அந்த வருஷ மழைக்காலத்தில் வந்த ஜுரத்தால் போயிற்றா என்று இன்றுவரை தெரியாது. நாக்கு உப்பு, புளி, காரம் மட்டும் சொல்லுமாம், மீதியெல்லாம் ஈரத்துணியை மென்றது மாதிரி இருக்குமாம். இதை நான் தெரிந்துகொண்டது வளர்ந்த பிறகுதான். அப்போது யாருக்கும் தெரியாது. மாமா யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் தெருவில் அவர் யார்? குழாய் முக்குகிற ஒரு ஆள், அவ்வளவுதான். அது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம், திடீரென்று மாமா என்னை எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார் என்பதுதான். வண்டியின் பின்னால் ஏற்றிக்கொள்வார், கடையில் எனக்குத்தான் முதலில் தட்டு வரும். நான் ஒரு வாய் வைத்ததும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "எப்டி கீது, சொல்லு பாப்பா" என்பார். நன்றாக இருக்கிறது என்றால் விடமாட்டார். எப்படி நன்றாக இருக்கிறது, என்ன வாசனை, போன வாரத்தைவிடக் கூடவா குறைவா என்று பரீட்சை மாதிரி கேட்பார். எங்கள் வீட்டில் என் பேச்சை அதுவரை யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு தடவை எண்ணூருக்குப் பேருந்தில் போனோம். வழியில் ஏதோ தொழிற்சாலையிலிருந்து காற்று இந்தப் பக்கம் திரும்பியதும் கண்ணெல்லாம் எரிகிற மாதிரி ஒரு நாற்றம். பேருந்தே மூக்கைப் பொத்திக்கொண்டது. மாமா மட்டும் வேர்க்கடலையைத் தின்றுகொண்டு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மாமா எவ்வளவு பெரிய வீரர் என்று நினைத்து நானும் மூக்கைப் பொத்தாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

எனக்கு நாக்கு என்று ஒன்று இருந்ததே தவிர அதை நம்பி ஊருக்குச் சாப்பாடு சொல்ல முடியாது. பூண்டு என்றால் ஆகாது. மிளகு பட்டால் அழுவேன். ஆட்டுக்கால் பாயாவில் கால் இருக்கிறதே என்பதுதான் என் வருத்தம். தேங்காயும் சர்க்கரையும் எங்கே இருந்தாலும் எனக்கு அது நல்ல கடை. கண்ணாடித் தொட்டியில் சிவப்பு மீன் விட்டிருந்தால் இன்னும் நல்ல கடை.

இதில் எனக்கு வந்த பெரிய குழப்பம், நான் சொன்னதெல்லாம் மாமா வாயிலிருந்து வெளியே வந்ததுதான். ஒரு பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, கிறிஸ்துமஸ் காலையில் நம் வீட்டில் வருகிற வாசனை மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். மறுநாள் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த அப்பாவின் சிநேகிதரிடம் மாமா அதையே முகம் மாறாமல் சொன்னார். அவர் தொழுகைக்குப் போகிற மனிதர். கிறிஸ்துமஸ் காலையில் என்ன வாசனை வரும் என்று பாவம், அப்பாவிடம் தனியாகக் கேட்டுவிட்டுப் போனார். எங்கள் தெருவின் ஆப்பம் பாயா கடைக்குப் போகாதீர்கள், கவிச்சி அடிக்கிறது என்று மாமா சொன்னதைக் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தக் கடைப் பாயாவுக்காக மாமா ஜுரத்தோடு எழுந்து போன காலம் உண்டு.

எல்லாம் சேர்ந்து எதிர்வீட்டுக்காரர் தலையில் விடிந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், மாமாவின் கேரம் தோல்விகளுக்கெல்லாம் நேரில் சாட்சி. அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் பேசி முடித்து, கையை நனைக்காமல் போகக் கூடாது என்று வெளியே சாப்பிடக் கிளம்பினார்கள். எதிர்வீட்டுக்காரர் வழக்கம்போல மாமாவைக் கேட்டார். மாமா ஒரு கடையைச் சொன்னார். சிவப்பு மீன் தொட்டி இருக்கிற கடை. பரோட்டாவுக்கு அவர்கள் ஊற்றுகிற குருமா பாயசத்துக்குத் தம்பி. எனக்கு உயிர்.

வந்தவர்கள் காசிமேட்டில் படகு வைத்திருப்பவர்கள். காரம் சாப்பிட்டு வளர்ந்த நாக்குகள். அந்தக் குருமாவை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் அதன் பிறகு சொல்லி அனுப்பவே இல்லை. குருமாவால் கல்யாணம் நின்றதாக உலகத்தில் எங்காவது உண்டா என்று அப்பா கேட்டார். எதிர்வீட்டுக்காரர் அந்த நியாயத்தையெல்லாம் கேட்கிற நிலைமையில் இல்லை. எங்கள் வாசலில் நின்று தெரு கேட்கச் சொன்னார்:

"கடக்காரன் ஓசில துன்ன குடுத்தா இன்னா வேணா சொல்லுவியா மாமு? உன்ன நம்பி இட்டுனு போனேன் பாரு."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, அந்தக் குருமா நன்றாகத்தான் இருந்தது என்று கத்தினேன். மாமா என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு யாரும் வந்து கேட்கவில்லை. விருந்தாளி வந்தால் எங்கள் வாசலைத் தாண்டிப் போய் வேறு யாரையோ கேட்டார்கள். வேலை விட்டு வந்தால் மாமா நேரே மாடிக்கு ஏறிவிடுவார். என்னையும் எங்கும் கூட்டிப் போகவில்லை. நான் ஏதோ தப்பாகத் தின்றுவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து, வீட்டில் அம்மா வைத்த குழம்பைக்கூட யோசித்து யோசித்துச் சாப்பிட்டேன்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்று வந்தது. கறி கிடையாது என்பதால் தெருவில் பாதி வீட்டில் கருவாடு. எங்கள் வீட்டிலும் அம்மா நெத்திலிக் கருவாட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் தொங்குகிற துணி, என் பாடப் புத்தகம், அப்பாவின் தொப்பி எல்லாவற்றிலும் அந்த வாசனை ஏறியிருந்தது. மாமா வேலையிலிருந்து வந்தார், செருப்பைக் கழற்றினார், கூடத்தின் நடுவில் நின்றார்.

"இன்னாக்கா, இன்னும் அடுப்பே பத்த வெக்கலியா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா வேடிக்கை காட்டுகிறார், பழைய மாமா திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா சிரிக்கவில்லை. கரண்டியோடு வெளியே வந்து தம்பியின் எதிரில் நின்றாள். மூச்சை இழு என்றாள். அவர் இழுத்தார்.

"இன்னா வாசன வருது? சொல்லு."

மாமா என்னைப் பார்த்தார். கடையில் பார்க்கிற அதே பார்வை. எங்கள் விளையாட்டுத்தான் மறுபடி தொடங்கிவிட்டது என்று நான் வாயைத் திறந்தேன். அம்மா என் பக்கம் திரும்பாமலே, "நீ பேசாத" என்றாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, மீன் என்றார். என்ன மீன் என்று அம்மா கேட்டாள். தெரு முனையிலிருந்தே வஞ்சிரத்தைச் சொன்ன மனிதர், வஞ்சிரமா என்று அம்மாவையே திருப்பிக் கேட்டார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். உள்ளே கருவாடு தீய்ந்தது. கூடத்தில் இருந்த மூவரில் அது இருவருக்குத்தான் தெரிந்தது, அம்மா எழுந்திருக்கவில்லை. நான்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். கருவாடு தீய்ந்ததற்கா இவ்வளவு அழுகை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்பா மாமாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். ஒரு ஆஸ்பத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள், இன்னொன்றில் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்களாம். ஓசியில் தின்றவன் என்ற பேச்சு மட்டும் மச்சான் மேல் நிற்கக் கூடாது என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். எங்கள் தெருவில் ஒருவரிடம் தனியாகச் சொன்னால் போதும், எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மாமா வாசற்படியில் உட்கார்ந்து வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் தெருவைக் கடந்து வந்தார். மறுபடி சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தங்கை வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்திருக்கிறார், எங்கே கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட வைக்கலாம் என்று கேட்டார்.

மாமா தலையைத் தூக்கி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். கிண்டல் இருக்கிறதா என்று தேடியிருப்பார். அப்புறம் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். காத்திவாக்கத்தில் கழிமுகத்தைப் பார்த்த மாதிரி ஒரு கடை, அங்கே நண்டு. மிளகைத் தனியாக வறுத்து இடிப்பார்கள், அந்த வாசனை படகுத்துறை வரைக்கும் வரும். இறாலைத் தொடாதே, நண்டு மட்டும் வாங்கு. சாற்றைச் சோற்றில் ஊற்றாதே, கிண்ணத்தோடு குடி. சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. கையில் எண்ணெயோடு காற்றில் நண்டை உடைத்துக் காட்டினார். ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

எதிர்வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "காத்திவாக்கத்துக்கு எந்த பஸ்ல ஏறணும் மாமு? எங்க எறங்கணும்?" என்றார்.

நான் அவரை வாய் பிளந்து பார்த்தேன். அவர் பிறந்ததே காத்திவாக்கம். அவருடைய அம்மா இன்னும் அங்கேதான் இருந்தார், வாரம் தவறாமல் போய் வருகிறவர். அதை மாமாவும் அறிவார். ஆனாலும் மாமா பேருந்து எண்ணைச் சொன்னார், இறங்க வேண்டிய இடத்தைச் சொன்னார், இறங்கியதும் இடது பக்கம் திரும்பச் சொன்னார். அவர் இடது பக்கமா என்று இன்னொரு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டு போனார். மாமா சங்கிலியை விட்டுவிட்டு அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

நான் உள்ளே ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன், எதிர்வீட்டுக்காரருக்குச் சொந்த ஊருக்கே வழி மறந்துவிட்டது, அப்பாவிடம் சொல்லி அவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போகச் சொல் என்று.