அதே பாவில் இன்னொரு புடவை

நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நூலகர் சொன்னார்: "பட்டுக்கடை கம்ப்யூட்டர் பரமேஸ்வரி தவறிப்போயிடுச்சாம்மா." வேலூர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குப் படுத்திருந்த பரமேஸ்வரி அக்கா சனிக்கிழமை வீடு திரும்புவார் என்றுதான் நினைத்திருந்தேன். என்னிடம் இருந்தது பழைய செய்தி.

அக்காவோடு பழகிய உங்களுக்கு அவருடைய வேலை தெரியும். ஆரணிக் கடையும் கண்ணமங்கலம் கடையும் புடவை இருப்பைப் பார்க்கும் மென்பொருளை எழுதியவர் அவர்தான். ஒவ்வொரு முறையும் ஹார்டு டிஸ்கில் தேடினால் தாமதம் என்று, அடிக்கடி கேட்கும் விவரங்களைக் கணினியின் நினைவகத்திலேயே வைத்தார். "கைக்கு எட்டுற எடத்துல வெச்சா ஜல்தியா எடுக்கலாம்" என்பார்.

அண்ணன் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்க ஆரணிக் கடைக்குப் போனோம். கண்ணமங்கலம் கடையில் இருந்த ஓர் அரக்குப் புடவையைத் திரையில் பார்த்து அண்ணி ஆசைப்பட்டார். 'இருப்பு உள்ளது' என்றது திரை. ஆனால் அது காலையிலேயே அங்கே விற்றுப்போயிருந்தது. "பொண்ணு வீட்டுக்கு இன்னா பதில் சொல்றது?" என்று அம்மா வீட்டில் அழுதார்.

மாலையில் அக்காவே வந்தார். "தப்பு என்னுதும்மா. பில் போடற புரோகிராமுக்குள்ளயே கடைக்கு ஒரு பட்டியலா வெச்சிருந்தேன். அங்க வித்தது இங்க தெரியல."

"பட்டியலையா பொண்ணுக்குக் கட்டறது?" என்றார் அம்மா.

"தறியில நீளமா ஏத்தற நூலு, அந்த ஒரு பாவுல மூணு புடவை நெய்வாங்க இல்லீங்களா? நான் பாத்துகினு வரேன்."

புடவை எண்ணை வைத்து நெசவாளர் வீட்டைத் தேடிப் போனார். அதே பாவில் அடுத்த புடவை தறியில் பாதி முடிந்திருந்தது. கல்யாணத்துக்குள் நெய்து முடிந்தது; முகூர்த்தத்தில் அண்ணி அதைத்தான் கட்டிக்கொண்டார். அக்கா பெயரைச் சொல்லாமல் அம்மா கல்யாண ஆல்பத்தை யாருக்கும் காட்டியதில்லை.

பிறகு அக்கா பட்டியலைத் தனிக் கணினி ஒன்றின் நினைவகத்துக்கு மாற்றினார்; இரண்டு கடைகளும் அதையே கேட்டன. "கரண்ட் போச்சுன்னா நினைவகம் எல்லாத்தையும் மறந்துடும், பேஜாரு" என்று கண்ணமங்கலத்தில் இன்னொரு கணினியில் பிரதி வைத்தார். ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் ஆயுள் குறித்தார். அது முடிந்தால் பழையது தானே அழிந்து, புதியது வரும்.

"இருக்கான்னு மட்டும் கேக்காத. எப்போ பாத்ததுன்னும் கேளு" என்றார் என்னிடம்.

அந்தச் சொல்லைத்தான் நான் வைத்திருக்கிறேன். நோட்டில் எதை எழுதினாலும் ஓரத்தில் தேதியும் நேரமும் போடுகிறேன், இந்தக் குறிப்புக்கும் போட்டிருக்கிறேன். அக்காவைப் பற்றி உங்களிடம் இருப்பது வேறு மாதிரி என்றால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். இதில் உள்ளதை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் இருந்தால் போதாது.