எட்டு செகண்ட் பாட்டு

சேலையூர் கேம்ப் ரோட்டில் எங்கள் தையல் கடை. நான் துணி வெட்டுவேன், வீட்டுக்காரி தைப்பாள். ரேடியோ எப்போதும் ஓடும்.

அவள் தம்பி சினிமாவுக்குக் கோரஸ் பாடுகிறவன். போன வருஷம் ஒரு பாட்டில் தனியாக ஹம்மிங் கொடுத்தான். எட்டு செகண்ட் வரும். புதுப்பாட்டு போடும் எஃப்.எம்.மில் ஞாயிறுதோறும் பத்துப் பாட்டு லிஸ்ட் சொல்வார்கள். அதில் அந்தப் பாட்டு மூன்றாவதாக வந்தது. அதோடு கோவிலம்பாக்கத்தில் கிடைத்த தண்ணீர் கேன் வண்டி வேலைக்கு இப்போது வரவில்லை என்று சொல்லிவிட்டான். பாட்டு லிஸ்டில் இருக்கும்வரை பாட யாராவது கூப்பிடுவார்களாம்.

அக்காக்காரி தினமும் திட்டுவாள்.

"எட்டு செகண்டுக்கு எத்தினி மாசம்டா வூட்ல குந்திகினு இருப்பே?"

அவன் சிரிப்பான்.

நாலாவது வாரம் பாட்டு பத்துக்கு இறங்கியது. முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் மெலடி மட்டும் போடும் இன்னொரு ஸ்டேஷன் அதைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் சர்க்கார் ரேடியோவில் நேயர் விருப்பம். புதுப்பாட்டே கேட்காத ஆட்களும் கேட்டார்கள். பிளவுஸ் தைக்க வந்த டீச்சரம்மா முணுமுணுத்தார். பாட்டு மறுபடி ஆறுக்கு ஏறியது. கூட வந்த பாட்டெல்லாம் போச்சு. இது நின்றது.

அந்த நாட்களில் காலையில் ஷட்டரைத் தூக்கினால் உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். நான்தான் மறந்துவிட்டேன் என்று ரெண்டு நாள் நினைத்தேன். மூன்றாம் நாள் பூட்டும்போது நிறுத்தப் போனேன். அவள் கையைப் பிடித்தாள்.

"இருக்கட்டும். எத்தினி பேர் கேக்குறாங்கன்னு ஸ்டேஷன்ல கணக்கு எடுப்பாங்க இல்ல."

எனக்கும் சரி என்றுதான் பட்டது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துப் பூட்டினேன். ரேடியோ கேட்பதை ஸ்டேஷனிலிருந்து யாரும் பார்க்க முடியாது என்று டீச்சரம்மா சொல்லித்தான் தெரிந்தது. அதற்கப்புறமும் அவள் நிறுத்தவில்லை.

பதினாலு வாரம் பாட்டு இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. பாட்டு லிஸ்டில் வராத ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தான். அக்கா அன்று திட்டவில்லை. திங்கட்கிழமை கேன் வண்டிக்குப் போய்விட்டான்.

மெலடி ஸ்டேஷன் இன்னும் அந்தப் பாட்டை விடவில்லை. வண்டியில் கேட்டதும் போன் பண்ணுவான்.

"அக்கா, போடு."

அவள் மிஷினை நிறுத்திவிட்டு ரேடியோவைத் திருகுவாள். நான் கத்திரிக்கோலைக் கீழே வைப்பேன். அவன் குரல் வந்து போகும்வரை ரெண்டு பேரும் பேசமாட்டோம்.