ரம்பத்துக்குப் பெல்ட் ஃபிட்டர் வைத்த கைடு

கோணலை நேராக்கச் சம்பளம் வாங்கிய ஆள் நான். லிக்னைட் சுரங்கத்தில், கன்வேயர் மெயின்டனன்ஸ் செக்‌ஷனில் ஃபிட்டர். அப்படிப்பட்டவன், வீட்டில் நேராக இருந்த ஓர் இரும்புச் சட்டத்தை வேண்டுமென்றே கோணலாக்கினேன். அதோடு நின்றிருந்தாலும் மானம் தப்பியிருக்கும். எதிர்வரிசை குவார்ட்டர்ஸ்காரர்களை, நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கப் போனவர்களைக்கூட விடாமல், கூப்பிட்டு வந்து அந்தக் கோணலின் அருமையை விளக்கினேன். இரண்டு பேர் காகிதத்தில் வரைந்துகொண்டு போனார்கள். அவர்கள் சோம்பேறிகளாக இருந்ததால் அதைச் செய்யவில்லை. சோம்பேறித்தனத்தால் விளைந்த நன்மைகளில் அது ஒன்று.

வீட்டில் ரம்பம் வைத்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். வைத்திருக்காதவர்களும் படிக்கலாம், பாதகமில்லை.

1. இருந்தது நன்றாகத்தான் இருந்தது

எண்பதுகளின் தொடக்கம். குவார்ட்டர்ஸின் பின்பக்கம், ஒரு தகரக் கூரைக்குக் கீழே என் ஒர்க்‌ஷாப். பண்ருட்டியில் பழைய சாமான் கடையில் பிடித்த மோட்டார், ஒன்பது அங்குல வட்ட ரம்பம், நானே வெல்டிங் வைத்த இரும்பு மேசை. மேசையின் நடுவில் ஒரு நீளமான பிளவு. ரம்பம் அதன் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு சுற்றும். பலகையை முன்னாலிருந்து தள்ளினால் அறுத்துக்கொண்டு போகும்.

நேராக அறுபட வேண்டுமென்றால், பலகை உரசிக்கொண்டு போக ரம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சட்டம் வேண்டும். அதற்குப் பெயர் கைடு. என்னிடம் இருந்த கைடு வெறும் ரீப்பர் கட்டை. இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்குவேன். முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு. முன்னால் தட்டினால் பின்னால் நகரும், பின்னால் தட்டினால் முன்னால் நகரும்.

"ஒரு முக்காலிக்கு மூணு மாசமா அளந்துக்கிட்டே இருக்கீங்க. உக்கார்ற ஆசையே போச்சு எனக்கு" என்றாள் மங்கை, என் மனைவி.

அதனால் புதுக் கைடு செய்தேன். சதுர பைப்பில், டி வடிவத்தில். மேசையின் முன்விளிம்பில் ஓர் ஆங்கிள் இரும்பு. அதன்மேல் கைடு வழுக்கிக்கொண்டு போகும். கைப்பிடி வைத்த போல்ட்டை ஒரு திருகு திருகினால் நின்றுவிடும். சொல்லக் கூடாது, அழகாகத்தான் வந்தது.

முதல் பலகையைத் தள்ளினேன். பாதியில் அது கைடை விட்டு விலகி வெளியே ஓடியது. காரணம் நான்தான். பலகையைக் கைடோடு அணைத்துத் தள்ளத் தெரியவில்லை. ஆனால் எனக்கு வேறொன்று தோன்றியது. சுரங்கத்தில் பெல்ட் ஒரு பக்கமாக ஓடினால் என்ன செய்வோம்? ஓடுகிற பக்கத்து ரோலர் முனையைச் சுத்தியலால் தட்டிக் கொஞ்சம் சாய்த்துவிடுவோம். பெல்ட் தானாக நடுவுக்கு வந்துவிடும். டிராக்கிங் என்று பெயர். பதினாறு வருடம் அதைத்தான் செய்தேன். பெல்ட்டுக்குச் சரி என்றால் பலகைக்கு என்ன குறை?

போல்ட்டைத் தளர்த்தி, கைடின் பின்முனையை ரம்பத்தின் பக்கமாக ஒரு நூல் தட்டி வைத்தேன். ஒரு நூல் என்றால் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. சின்னச் சின்ன மாங்கட்டைத் துண்டுகளைத் தள்ளிப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டு போயின.

"ஏதோ கருகுற வாசனை வருதே" என்றாள் மங்கை.

"மாங்கட்டை அப்படித்தான்" என்றேன். அறுத்த ஓரம் கறுத்திருந்தது. ரம்பத்துக்கும் கைடுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கட்டை நசுங்குகிறது என்று அந்தக் கறுப்பு எனக்குச் சொன்னது. நான் ஃபிட்டர் அல்லவா, கட்டை சொல்லிக் கேட்பேனா?

2. அந்தோணி வந்த ஞாயிறு

அந்தோணி பக்கத்து ஊரான வடக்குத்துக்காரர். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களுக்குக் கதவு ஜன்னல் பார்க்கும் தச்சர். கான்ட்ராக்ட் ஆள், பதினோரு வருடமாக. அந்த வருடம்தான் பர்மனென்ட் லிஸ்ட்டில் அவர் பெயர் வந்திருந்தது. மிச்சமிருந்தது மெடிக்கல் ஒன்றுதான். வரும் புதன்கிழமை.

ஏழடி வேப்பம்பலகை ஒன்றைப் பிளக்க எனக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. கூப்பிட்டேன். கோயில் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு வந்தார்.

"புதங்கிழமை மெடிக்கல வச்சிகினு, இன்னிக்கு ஏன்யா வந்த?" என்று கேட்டேன். கூப்பிட்டவனே நான்தான்.

"வூட்ல குந்திகினு இருந்தா அதே நெனப்பா இருக்குது சார். கண்ணு பாப்பாங்களாம், காது பாப்பாங்களாம். கைய அமுக்கச் சொல்லிப் பாப்பாங்களாம். தச்சனுக்குக் கைதான சார் சர்ட்டிபிகேட்டு?"

புதுக் கைடைக் காட்டினேன். அவர் குனிந்து ஒரு கண்ணை மூடி, கைடின் நீளம் முழுக்கப் பார்த்தார்.

"பின்னாடி உள்ள வாங்கிகினு இருக்குதுங்க சார்."

"வேணும்னே வச்சதுப்பா அது. டிராக்கிங். பலகை வெளிய ஓடாது."

"பலகைங்களா?"

"முந்நூறு மீட்டர் பெல்ட்டே ஓடாது, இந்தப் பலகை எங்க ஓடிரும்?"

அவர் என்னைப் பார்த்தார். மறுபடி மேசையைப் பார்த்தார். "சரிங்க சார்" என்று வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

அவர் முன்னால் நின்று தள்ள, நான் எதிர்ப்பக்கம் நின்று வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. தள்ளும்போது அவர் பலகைக்கு நேராக நிற்கவில்லை. ஓர் அடி ஒதுங்கி நின்றார். வசதியாக நிற்கிறார் என்று நினைத்தேன்.

இரண்டடி போனது. புகை வந்தது. மோட்டார் முனகியது. அப்புறம் ஒரு சத்தம். என் கையிலிருந்த பலகை என் கையில் இல்லை. ரம்பத்தின் பின்பல் அதைக் கவ்வித் தூக்கி, தள்ளியவர் பக்கமே திருப்பி எறிந்துவிட்டது. பலகை போய்ச் சுவரில் காரையைப் பெயர்த்துவிட்டு விழுந்தது. குழந்தையை வாங்க நீட்டின மாதிரி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

ஒதுங்கி நின்றதால் அவர் உடம்பு தப்பியது. பலகையை அணைத்துப் பிடித்திருந்த இடதுகை தப்பவில்லை. கட்டை விரல் பின்பக்கமாக மடங்கியிருந்தது. ரத்தம் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது.

மோட்டாரை நிறுத்தியது மங்கை. துணி நனைத்துக் கொண்டு வந்து சுற்றியதும் அவள்தான். சுற்றிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "புதன்கிழமை இவருக்கு மெடிக்கல்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

 

3. அமுக்கிக் காட்டு

வடக்குத்தில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் பார்த்துவிட்டு, முறியவில்லை, சவ்வுதான் என்றார். பச்சிலை வைத்து மூங்கில் தப்பை கட்டினார். புதன்கிழமை நான் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு அந்தோணியை சைக்கிளில் ஏற்றிப்போனேன். மெடிக்கல் நடக்கும் இடத்துக்கு வெளியே நின்று, பல்லால் கடித்து இழுத்து அந்தக் கட்டை அவிழ்த்தார். பச்சிலையை வழித்துத் துடைத்தார். கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அரைமணி நேரத்தில் வந்துவிட்டார்.

"இடது கையால என் கையப் புடிச்சி அமுக்குன்னாரு டாக்டரு. அமுக்குனேன். 'அமுக்கிட்டியா?'ன்னு கேக்குறாரு சார். அமுக்கினுதான் இருக்கேன்னேன்."

"அப்புறம்?"

"மூணு வாரம் கழிச்சி வாய்யான்னு எழுதிட்டாரு. அதுக்குள்ள லிஸ்ட்ட மூடிடுவாங்களா சார்?"

தெரியவில்லை. அடுத்த லிஸ்ட் எப்போது என்றும் யாருக்கும் தெரியாது. மறுநாள் எங்கள் செக்‌ஷன் இன்ஜினியரிடம் போய் முழுவதையும் சொல்லி, யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன்.

"மெடிக்கல் விஷயத்துல நான் யார்கிட்டய்யா சொல்றது?" என்றவர், பேனாவை மூடி மேசையில் வைத்தார். "பலகை என்ன சுத்திச் சுத்தி வர்ற பெல்ட்டா? ரெண்டு பக்கமும் இடுக்கிப் புடிச்சா அது எங்கய்யா போகும்? எட்டாங்கிளாஸ் பையனுக்குத் தெரியும். போய் வேலையப் பாரு."

போய் வேலையைப் பார்த்தேன். எந்த ரோலரைத் தட்டினாலும் அந்தக் கட்டை விரல்தான் ஞாபகம் வந்தது.

இரண்டாவது ஞாயிறு அந்தோணி அவராகவே வந்தார். கையில் கட்டு. கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்துகொண்டு, "அந்தக் கைடக் கழட்டி வச்சிட்டீங்களாமே. அம்மா சொன்னாங்க. மாட்டுங்க சார், சரி பண்ணிடலாம்" என்றார்.

அன்று அவர் சொல்லச் சொல்ல நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். தம்பிகள் குறித்துக்கொள்ளவும். முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். ரம்பத்தின் ஒரு பல்லில் சாக்பீஸால் அடையாளம் வைத்து, அந்தப் பல்லை முன்னால் கொண்டுவந்து கைடுக்கும் அதற்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். பிறகு அதே பல்லைக் கையால் சுற்றிப் பின்னால் கொண்டுபோய் மறுபடி அளக்க வேண்டும். வேறு பல்லை அளந்தால் ரம்பத்தின் நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் ஒரு மயிரிழை அதிகமாக இருந்தால் மன்னிக்கலாம். குறைவாக இருந்தால் மோட்டாரைப் போடவே கூடாது. ரம்பத்துக்குப் பின்னால், அறுத்த பிளவு மூடிக்கொள்ளாதபடி ஒரு தகடு நிற்க வேண்டும். அதையும் அன்றே வைத்தேன். தள்ளுகிறவர் பலகைக்கு நேராக நிற்கக் கூடாது. அந்தோணி அன்று வசதிக்காக ஒதுங்கி நிற்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எல்லாம் முடிந்து, மிச்சமிருந்த வேப்பம்பலகையைத் தள்ளினேன். அறுத்த ஓரம் வெள்ளையாக வந்தது. வாசனை இல்லை.

"இப்ப நேரா போவுதுங்க சார்" என்றார், பலகையைப் பார்த்து.

4. டம்ளர்

மூன்று வாரம் கழித்து மறுபடி மெடிக்கல். நான் வெளியே நின்று, என் இடது கையால் சைக்கிள் ஹேண்டில்பாரை அமுக்கிக்கொண்டே இருந்தேன். அவருக்காக நான் அமுக்கினால் ஆகிற காரியமா அது? வெளியே வந்தவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிட்டே வந்து, கட்டை விரலை மடக்கி நீட்டிக் காட்டினார்.

"டாக்டரு 'போதும்யா, விடு, வலிக்குது'ன்னுட்டாரு சார்."

லிஸ்ட் மூடவில்லை. அடுத்த மாதம் ஆர்டர் வந்தது. அடையாள அட்டையைக் காட்ட வீட்டுக்கு வந்தார். மங்கை கேசரி செய்திருந்தாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். போட்டோவில் பயந்துபோய் இருந்தார். சந்தோஷமான சாயங்காலம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இருந்தாலும் அந்தோணி, அன்னிக்கு நீ இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன்" என்றேன்.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பலகை திருப்பி ஒதைக்கும்னு பாத்தவொடனே எனக்குத் தெரியும் சார். ரெண்டாந்தடவ சொல்றதுக்கு நான் அப்ப பர்மனென்ட் இல்ல."