அக்காவோட ஃபெலோஷிப்பில ஓடின வீடு

பழவங்காடிப் பிள்ளையாருக்கு எல்லாரும் தடை நீங்கணும்னுதான் தேங்காய் உடைப்பாங்க. தடை வரணும்னு வேண்டிக்கிட்டு உடைச்ச முட்டாள் இந்தத் திருவனந்தபுரத்துல ஒருத்தன் உண்டு. அது நான்தான். எங்க அக்கா அவங்க பிஎச்.டி. தீசிஸைச் சீக்கிரம் முடிச்சிரக் கூடாது, அதுதான் என் வேண்டுதல். முதல் வருஷ நினைவு மலரை இப்படியா ஆரம்பிக்கிறதுன்னு உறவுக்காரங்க கோவிச்சுக்கக் கூடாது. அக்காவைப் பத்தி எங்கே ஆரம்பிச்சாலும் எனக்கு இங்கேதான் வந்து நிக்குது.

அக்கா பிறந்தது ஆரியசாலையில, அப்பாவோட மளிகை மொத்தக் கடைக்கு மேல இருந்த வீட்டில. அப்பா நாகர்கோவில் பக்கத்திலேருந்து வந்து கடை போட்டவங்க. பள்ளிக்கூடத்தில மலையாளம், வீட்டில தமிழ். அக்கா ரெண்டுலயும் ஒரே மாதிரி சரளமா சண்டை போடுவாங்க. அவங்க எம்.ஏ.க்குச் சரித்திரம் எடுத்தப்போ எங்க அத்தை துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து உக்காந்தாங்க.

"கணக்கு வரலையா மக்கா?"

"நல்லா வருது அத்தை. நான்தான் அது கிட்ட போகல."

அக்கா எம்.ஏ. முடிச்ச வருஷம் அப்பா போய்ட்டாங்க. கடையை மிளகாய் வத்தல் வியாபாரி ஒருத்தருக்கு வாடகைக்கு விட்டோம். அந்த வாடகை அப்பா வச்சுட்டுப் போன கடனுக்கே சரியாப் போச்சு. மேல நாங்க மூணு பேர்: அம்மா, அக்கா, நான். நாள் முழுக்கத் தும்மல். அக்கா கொண்டு போன அத்தியாயத்தைத் திறந்ததுமே அவங்க கைடு சார் தும்மினாராம். "விஷயம் காரமா இருக்கு"ன்னு சொன்னாராம்.

அக்கா ஆராய்ச்சி பண்ணினது, தெக்கேயிருந்து இந்தச் சாலைக் கடைத்தெருப் பக்கம் பிழைக்க வந்த பெண்களைப் பத்தி. அதுக்குப் பரீட்சை எழுதி ஃபெலோஷிப் வாங்கினாங்க. சரித்திரம் படிச்சா மாசாமாசம் காசு தருவாங்கன்னு தெரிஞ்சதும் அத்தைக்கே சரித்திரத்து மேல மரியாதை வந்துட்டு. மாசாமாசம்னு பேர்தானே தவிர, நாலஞ்சு மாசம் வராது, பிறகு மொத்தமா வரும். மாசாமாசம் கைடு கிட்ட வருகைக்குக் கையெழுத்து வாங்கணும். அவர் லீவுல போனா அவர் வீட்டு வாசல்ல போய் நிக்கணும். வெளியே வேற சம்பளத்துக்கு வேலை பாக்கக் கூடாது, டியூஷன்கூட எடுக்கக் கூடாது. உச்சபட்சம் அஞ்சு வருஷம். அதுக்குள்ள தீசிஸைக் குடுத்தா, குடுத்த அன்னைக்கே பணம் நின்னுரும்.

எங்க வீடு அந்தப் பணத்திலதான் ஓடிச்சு. அரிசி, அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை, என்னோட தொழில்கள் எல்லாமே அதில. ஆமா, தொழில்கள். நான் அப்போ முதலாளி ஆகத் தயாராகிட்டு இருந்தேன். எல்லார் கையிலயும் மொபைல் வந்த சமயம் பாத்து எஸ்.டி.டி. பூத் வச்சேன். சி.டி. வந்த பிறகு கேசட் கடை வச்சேன். காலத்துக்கு ஒரு அடி பின்னாடி நடக்கிறது எனக்குக் கை வந்த கலை.

நாலாவது வருஷம், கடைசி அத்தியாயத்தைக் கைடு சார் பாத்துட்டார்னு காதுல விழுந்ததும் நான் நேரா பழவங்காடிக்குப் போய்த் தேங்காய் உடைச்சேன். பிள்ளையார் காதுல வாங்கல. அடுத்த வாரமே ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது அக்கா சொன்னாங்க:

"எழுதி முடிச்சாச்சு. குடுக்கட்டா, வேண்டாமா?"

அம்மா ரசத்தைக் கரண்டியால கலக்கிட்டே இருந்தாங்க.

"உனக்க இஷ்டம் மக்கா. எனக்கு என்ன தெரியும்?"

"குடுத்தா அடுத்த மாசத்திலேருந்து பணம் வராது. குடுக்காம இருந்தா பட்டம் கிடைக்காது. பட்டம் இல்லாம காலேஜ்ல எடுக்க மாட்டாங்க. நல்ல ஏற்பாடுல்ல?"

என்னைப் பாத்தாங்க. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நான் சொன்னது இது: "இப்பவே என்ன அவசரம்? ஊறுகா மாதிரி கொஞ்சம் ஊறட்டுமே அக்கா."

அக்கா சிரிச்சாங்க. நல்லாவே சிரிச்சாங்க. "சரிலே, ஊறட்டும்"னு தட்டை எடுத்துட்டு எழுந்து போனாங்க. தடை கேட்டுப் பிள்ளையாரைத் தொந்தரவு பண்ணியிருக்கவே வேண்டாம். அம்மாவும் நானும் வீட்டிலேயே இருந்தோம்.

பிறகு ஒரு வருஷத்துக்கு மேல அந்தத் தீசிஸ் அலமாரியிலேயே கிடந்துது. அக்கா மட்டும் தினமும் லைப்ரரிக்குப் போய்ட்டு வந்தாங்க. போகலைன்னா கையெழுத்துக் கிடைக்காதே. முடிஞ்சுபோன வேலைக்கு எதுக்குத் தினமும் பஸ் ஏறுறீங்கன்னு கேக்க எங்க ரெண்டு பேருக்கும் வாய் வரல. அந்தச் சமயத்திலதான் நம்ம ஊர்லயே ஒரு காலேஜ்ல சரித்திரத்துக்கு நிரந்தர வேலைன்னு பேப்பர்ல வந்துது. பட்டம் கையில இருக்கணும்னு போட்டிருந்துது. அக்கா அதை ரெண்டு தடவை வாசிச்சாங்க. பிறகு அம்மா முருங்கைக் கீரை உருவ அந்தப் பேப்பரையே தரையில விரிச்சுக் குடுத்தாங்க.

அஞ்சாவது வருஷம் முடிஞ்சு பணம் நின்ன பிறகுதான் தீசிஸைக் குடுத்தாங்க. பட்டம் வந்தப்போ அந்த வேலையில வேற யாரோ சேந்தாச்சு. அதுக்கு அப்புறம் நிரந்தர வேலை எதுவும் அக்காவுக்கு அமையல. கடைசி வரைக்கும் கெஸ்ட் லெக்சரர்தான். வகுப்பு எடுத்தாத்தான் காசு, வெக்கேஷனுக்குக் காசு கிடையாது. ஒரு நாள்கூட எங்களைக் குத்திக் காட்டினதில்ல. குத்தியிருந்தா எனக்குக் கொஞ்சம் வசதியா இருந்திருக்கும். நான் கடைசியில கழக்கூட்டத்தில ஐ.டி. பிள்ளைங்க தங்குற ஹாஸ்டல்களுக்கு மளிகை சப்ளை பண்ணி ஒரு வழியா நிலைச்சேன். அதுக்கும் முதல் போட்டது அக்காதான்.

சாயங்காலமானா வீட்டுக்குப் பிள்ளைங்க வருவாங்க. தமிழ், சரித்திரம், தத்துவம்னு எம்.ஏ.வும் பிஎச்.டி.யும் படிக்கிற பிள்ளைங்க. எந்த ஸ்காலர்ஷிப்புக்கு எப்போ கேக்கணும், வில்லேஜ் ஆபீஸ்ல வருமான சர்ட்டிபிகேட் எப்போ வாங்கினா காலாவதி ஆகாது, ஆவணக் காப்பகத்துக்குப் போய்வர யாரு காசு தருவாங்க, எந்த வியாபாரிகள் டிரஸ்ட்ல சரித்திரம்னு சொன்னா முகம் சுளிக்க மாட்டாங்க, எல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. ஆனா முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: "உன் காசுல வீட்டில எத்தனை பேரு சாப்பிடுறாங்க?"

பிள்ளைங்க தயங்கினா, "அப்போ கேட்டுக்கோ. எழுதி முடிச்சா முதல்ல யூனிவர்சிட்டியில குடு. வீட்டில பிறகு சொன்னா போதும்"பாங்க. பக்கத்து அறையில நான் டீ ஆத்திட்டு இருப்பேன். அந்த அறைக்கு வேற வாசல் கிடையாது. டீயைக் கொண்டு குடுக்கவும் அவங்க முன்னாடியேதான் வரணும்.

கடைசி மாசம் ஆஸ்பத்திரியில, மூக்கில குழாயோட, ஒரு பையனைப் போன்ல திட்டிட்டு இருந்தாங்க. "ஜாயின்ட் அக்கவுன்ட் வேண்டாம்டா, உன் பேர்ல மட்டும் தொடங்கு." நர்ஸ் வந்து போனை வாங்கி வச்சாங்க. அதுக்கு அப்புறம் அக்கா அதிகம் பேசல.

பாத்துக்கிட்ட டாக்டர்களுக்கும் நர்ஸ்மாருக்கும், முறை வச்சு ராத்திரி துணைக்கு இருந்த, அக்கா கிட்ட படிச்ச பிள்ளைங்களுக்கும், பதினாறாம் நாள் வரைக்கும் கீழே மிளகாய் மூட்டை பிரிக்காம இருந்த வத்தல் வியாபாரி குடும்பத்துக்கும் எங்க நன்றி. அக்கா பேர்ல வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு சின்ன உதவித்தொகை தொடங்குறோம். சரித்திரமோ தமிழோ தத்துவமோ, எதில ஆராய்ச்சி பண்ணினாலும் சரி. தீசிஸைக் குடுத்த அன்னைக்குத்தான் அது ஆரம்பிக்கும். வேலை கிடைக்கிற வரைக்கும், அதிகபட்சம் ஒரு வருஷம், அந்தப் பிள்ளையோட சொந்தக் கணக்கில விழும்.

இந்தக் கட்டுரையைப் பிழை பாத்தது ஷைனி. பாறசாலைக்காரி, அக்கா கிட்ட படிச்சவள், இப்போ பிஎச்.டி. பண்றாள். அச்சகத்திலேயே உக்காந்து முழுசா வாசிச்சாள். ஊறுகாய் வந்த இடத்தில சிரிப்பாள்னு நான் அவ முகத்தையே பாத்துட்டு இருந்தேன். சிரிக்கல. ரெண்டு ஒற்றுப்பிழையைத் திருத்திட்டுப் பேனாவை மூடினாள்.

"அங்கிள், ஆரியசாலையில அத்தனை கடை இருக்கே. ஒண்ணுலகூட உங்களுக்கு ஒரு ஜோலி கிடைக்கலையா?"