பெரிய ஜி முதலில் பேசுவார்

நல்ல சவுண்டுக்காகச் சேர்ந்த கூட்டம் என்று வெளியே சொல்லிக்கொள்வார்கள். நானும் அப்படி நம்பித்தான் அந்த ஆன்லைன் ஹை-ஃபை ஃபோரத்தில் சேர்ந்தேன். அங்கே யாரும் பாட்டுக் கேட்கவில்லை. ஒருத்தன் வாயை இன்னொருத்தன் பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

எனக்கு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. தரப் பிரிவு. சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் லைன், நாள் முழுக்கத் தகடு அடிக்கும் சத்தம். வருஷா வருஷம் கம்பெனி டாக்டர் சின்னக் கூண்டு ஒன்றில் உட்காரவைத்துக் காதைச் சோதிப்பார். வலது காதில் கீச்சுச் சத்தம் சரியாக விழவில்லை என்று போன தடவை சொன்னார். ஃபோரத்தில் பாதிப் பேர் இந்தப் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள். அவர்கள் காது மட்டும் என்ன தங்கமா? ஆனால் ஒயரை மாற்றினால் பாடகி மூச்சு இழுப்பது கேட்கிறது என்று மூன்று நாள் சண்டை போடுவார்கள்.

புதிதாக ஒருத்தன் வந்து ஏதாவது சந்தேகம் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "உங்க செட்டப் என்ன ஜி?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஊரில் புது ஆளைப் பார்த்து "நீங்க எந்தத் தெரு?" என்று இழுத்துக் கேட்பார்களே, அதே கேள்விதான். எந்த ஆம்ப்ளிஃபயர், எந்த ஸ்பீக்கர் என்று தெரிந்த பிறகுதான் அவனை உட்காரவைப்பதா நிற்கவைப்பதா என்று முடிவு செய்வார்கள். அதுவரை அவன் சொல்வது சரியா தப்பா என்று யாருக்கும் அக்கறை கிடையாது.

இந்த முடிவுகளை எடுப்பவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் எல்லோரையும் ஜி என்று கூப்பிடும் இடத்தில் அவர் மட்டும் பெரிய ஜி. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் பெரிய பதவி, வீட்டில் பாட்டுக்கென்றே தனி அறை. எந்த வாக்குவாதத்திலும் அவர் பேசும் வரை அவருடைய ஆட்கள் வாய் திறக்க மாட்டார்கள். அவர் ஒரு வரி போட்டுவிட்டால் போதும், கட்டைவிரல் படங்கள் வரிசையாக வந்து விழும். காலையில் ஒரு ஸ்பீக்கரை ஆகா ஓகோ என்றவன், மதியம் அவர் முகம் சுளித்தால், சாயங்காலம் "எனக்கும் அப்பவே ஒரு டவுட்டு" என்று எழுதுவான். கூசாமல் எழுதுவான். முந்தைய வரி மேலேயே இருக்கும், அதை எடுக்கக்கூட மாட்டான்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு நண்பன் என்று இருந்தவன் ஒரே ஒருத்தன். தென்காசிப் பக்கத்துப் பையன், என் கம்பெனியில்தான் லைன் எஞ்சினியர். படப்பையில் நாலு பேரோடு ஒரு அறையில் இருந்தான். அவன் ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி சொந்தமாகச் செய்தான். பிளைவுட் வாங்கி, தச்சுப் பட்டறையில் அறுக்கக் கொடுத்து, மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒட்டி, தேய்த்து, ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதில் போட்டான். அவனுக்கு ஒரே ஓர் ஆசை. ஃபோரத்தின் வருஷக் கூட்டம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மண்டபத்தில் நடக்கும். நாலைந்து செட் வைத்து நாள் முழுக்கக் கேட்பார்கள். அதில் தன் பெட்டியும் பாட வேண்டும்.

போட்டோ போட்டுக் கேட்டான். இரண்டு நாள் யாரும் மூச்சு விடவில்லை. பிறகு பெரிய ஜி எழுதினார்: "கைத்தொழில் நல்ல விஷயம். ஆனால் வருஷ மீட்டுக்கு லோக்கல் டப்பா வேண்டாமே." சிரிக்கும் முகங்கள் கொட்டின. ஒருத்தன் "இதுல கோழி வளர்க்கலாம்" என்றான். இன்னொருத்தன் "அடைக்கு வைக்க எடம் கீதான்னு பாரு" என்றான். ஒருத்தனும் அதைக் காதால் கேட்டதில்லை.

கேன்டீனில் அவன் தட்டைத் தொடவில்லை.

"ஒரு தடவ கேட்டுட்டு நல்லா இல்லன்னு சொல்லட்டும்ணே. கேக்காமலே சொல்லுதாங்களே."

"கேக்க வெச்சா போச்சு. என் வூட்டுக்குக் கூப்புடுறேன் எல்லாரையும்" என்றேன்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. பாகத்தை அளக்கிறோம் இல்லையா, அளக்கிற ஆளையும் அடிக்கடி அளந்து பார்ப்போம். அவனிடம் சொல்லாமல் அதே பாகத்தைத் திரும்பக் கொடுப்போம். முதலில் ஒரு அளவும் அடுத்து வேறு அளவும் சொன்னால், ஆளை நம்ப முடியாது. இதில் யாருக்கும் அவமானம் இல்லை. எனக்கும் செய்திருக்கிறார்கள். நானும் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

அதையே வீட்டில் செய்தேன். ஹாலில் கொடி கட்டிப் பெட்ஷீட் தொங்கவிட்டேன். அதற்குப் பின்னால் இரண்டு ஜோடி ஸ்பீக்கர். ஒன்று அவன் செய்தது, இன்னொன்று பெரிய ஜி சிபாரிசு செய்து நான் வாங்கிய வெளிநாட்டுப் பெட்டி. எது பாடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடுவது ஏற்பாடு. ஆனால் முதல் சுற்றில் மாற்றப்போவதில்லை. இரண்டு முறையும் அவனுடைய பெட்டியே பாடும். இதை அவனிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு பதினோரு மணிக்கு வந்தார்கள். பெரிய ஜி, அவருடைய ஆட்கள் நாலு பேர், என் நண்பன். ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து, பேசாமல் எழுதச் சொன்னேன்.

பெரிய ஜி காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்னங்க இது, பப்ளிக் எக்ஸாமா? கேட்போம், பேசுவோம்."

உடனே நாலு காகிதமும் சோபாவில் விழுந்தன.

வயலினும் பெண் குரலும் உள்ள ஒரு பாட்டைப் போட்டேன். முடிந்ததும் பின்னால் போய் ஒயரைத் தொட்டு, பெட்டியை நகர்த்துகிற மாதிரி சத்தம் செய்துவிட்டு வந்தேன். அதே பாட்டு மறுபடியும் ஓடியது. பெரிய ஜி கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் பாட்டை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிம்பிள்" என்றார். "முதல்ல ஓடினது டப்பா. குரல் மூக்கால வருது. ரெண்டாவதுதான் மியூசிக்."

"கரெக்ட் ஜி. ரெண்டாவதுல வயலின் தனியா நிக்குது."

"முதல்ல ஒரே எரிச்சல் ஜி, காது வலிச்சிடுச்சு."

"டப்பான்னா டப்பாதான்பா" என்று ஒருத்தன் என் நண்பன் தோளில் தட்டினான். "நீயே சொல்லு தம்பி, எப்படி கீது?"

என் நண்பன் பெட்ஷீட்டைப் பார்த்தான். பிறகு பெரிய ஜியைப் பார்த்தான்.

"ஆமா ஜி. ரெண்டாவதுதான் தெளிவு."

நான் போய்ப் பெட்ஷீட்டை இழுத்துப் போட்டேன். ஒயர் எதில் மாட்டியிருக்கிறது என்று காட்டினேன். "ரெண்டு தபாவும் ஒரே பொட்டிதான். இதோ, இவன் பண்ணது. இப்பதான் நெஜமா மாத்தப் போறேன், உக்காருங்க" என்றேன்.

பெரிய ஜி எழுந்தார். "வீட்டுக்குக் கூப்பிட்டு இப்படி அசிங்கப்படுத்தறது நல்ல பழக்கம் இல்ல. கரண்டு ஏறி இறங்குது, ரெண்டு தடவை ஒரே மாதிரி எப்படிப் பாடும்?" ஒரு நிமிஷத்தில் காரணம் கண்டுபிடித்துவிட்டார். மற்ற நாலு பேரும் கரண்டைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஒருத்தன் மேலே சுற்றும் ஃபேனை அண்ணாந்து பார்த்து, "ஆமா, ஸ்லோவா சுத்துது" என்றான். பிரியாணி வந்திருந்தது. அதை உட்கார்ந்து சாப்பிட்டு, கை கழுவிவிட்டுத்தான் கோபமாகப் போனார்கள்.

என் நண்பன் மட்டும் மீந்துபோன பிரியாணியை மூடிவைத்துக்கொண்டு நின்றான்.

"காது ஏமாந்துச்சுன்னா பரவாயில்லடா. எனக்கும் ஏமாறும்" என்றேன்.

"ஏமாறலண்ணே." அவன் தலை நிமிரவில்லை. "ரெண்டும் என் பொட்டின்னு தெரியும். எம் பொட்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன்டா அப்படிச் சொன்ன?"

"எல்லாரும் சொல்லும்போது நான் மட்டும் என்னத்தண்ணே சொல்ல? டெங்கு வந்து கெடந்தப்ப பிளேட்லெட் குடுக்க ஓடி வந்தது பெரிய ஜிதான். ரூம்ல எங்கூட இருக்கவனுக்குக் கூட நான் ஆஸ்பத்திரில இருந்தது தெரியாது. ஒங்களுக்கு இங்கன சொந்தம், பந்தம் எல்லாம் இருக்கு. ஒங்க ஊரு பிள்ளைப்பாக்கத்துல பாதிப் பேரு ஒங்க ஆளுக. எனக்கு யாரு இருக்கா?"

அது உண்மை. அந்த மனிதர் ஓடி வந்தார், ரத்தம் கொடுத்தார், ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க இருந்தார். ரத்தம் கொடுத்த மனிதரிடம் நன்றியாக இருக்கலாம். அதற்காக உன் கையால் செய்த பொருளை உன் வாயால் மட்டம் என்பாயா? அன்று சோபாவில் இருந்த மற்ற நாலு பேருக்கும் கூடத் தெரிந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு தடவையும் ஒரே சத்தம்தான் என்று ஒவ்வொருத்தனுக்கும் கேட்டிருக்கும். தனக்கு மட்டும்தான் அப்படிக் கேட்கிறது என்று பயந்திருப்பான். பெரிய ஜிக்கே கேட்டிருக்கலாம். இதை நினைத்தால்தான் அருவருப்பாக இருக்கிறது. முட்டாள்கள் என்றால் விட்டுவிடலாம். இவர்கள் முட்டாள்கள் இல்லை. ஒவ்வொருத்தனும் கம்பெனியில் ஒரு லைனையே ஓட்டுகிறவன்.

அன்று சாயங்காலமே ஃபோரத்தில் என்னைப் பற்றி ஒரு பதிவு வந்தது. நட்பைக் கெடுக்கும் ஆள், விருந்தாளியை மதிக்கத் தெரியாதவன், இன்னும் என்னென்னவோ. கீழே என் நண்பன் பெயரில் ஒரு வரி: "சரியாச் சொன்னீங்க ஜி." அதைப் படித்து முடிப்பதற்குள் என்னை வெளியே தள்ளிவிட்டார்கள்.

திங்கட்கிழமை கேன்டீனில் அவனே பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஒரு சாரி மட்டும் போடுங்கண்ணே, சேத்துக்குவாங்க. நான் பேசியிருக்கேன்."

"எதுக்குடா சாரி? ஒயரை மாத்தாததுக்கா?"

அவன் சாம்பார் சோற்றைப் பிசைந்தான். நான் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனேன்.

வருஷக் கூட்டம் முடிந்த அன்று அவன் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், தண்ணீர் கேன்களை ஒட்டி, அவனுடைய பெட்டிகள். நடுவில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அவன் நிற்கிறான். முகம் முழுக்கச் சிரிப்பு. கீழே எழுதியிருந்தான்: "பெரிய ஜியே எடம் ஒதுக்கிக் குடுத்தாருண்ணே."

உள்ளே ஏசி ஹாலில் நாலு செட் பாடியிருக்கும். அதைப் பற்றி அவன் ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டேன்.

"யாராவது கேட்டாங்களா? எப்படி இருந்துச்சுன்னு சொன்னாங்களா?"

பதில் வந்தது.

"பந்தி நேரம்லாண்ணே. ஒரே சத்தம். யாருக்கும் சரியா கேக்கல."