நெஞ்சு வலி என்று எழுதிய சீட்டு

என் மனைவிக்கு அலுவலகத்தில் 'எந்தப் பக்கம்' என்று பட்டப்பெயர். மருத்துவமனைக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது அவள் வேலை. 'மார்பில் அழற்சி' என்று ஒரு டாக்டர் மொட்டையாக எழுதிவிட்டால் விடமாட்டாள். இடதா வலதா, பால் கொடுக்கிறவரா, சீழ் கட்டியிருக்கிறதா என்று கேட்டுத் துளைத்துவிடுவாள். பதினோரு வருடமாக இதே பிழைப்பு.

அப்படிப்பட்டவள் ஒரு மாதமாக இடக்கையை உடம்போடு ஒட்டியே வைத்துக்கொண்டு நடமாடினாள். கேட்டால், "நெஞ்சு வலிக்குது" என்றாள். நான்தான் பெரிய மேதாவியாயிற்றே! "வாயுவா இருக்கும், வெந்நீர் குடி" என்றேன். வலி விடாததால் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் அவளைத்தான் கேட்டார். முந்திரிக்கொட்டை மாதிரி நான் முந்திக்கொண்டேன்: "நெஞ்சு வலி டாக்டர்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சீட்டில் அதையே எழுதினார், இசிஜி எடுத்தார்கள். இதயம் நன்றாக இருந்தது.

பத்து நாளில் காய்ச்சல். மறுபடி அதே அறை. டாக்டர் பழைய சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றார் என்னிடம்.

"பரவாயில்ல டாக்டர்."

"உங்களுக்குப் பரவாயில்ல. அவங்களுக்கு?"

வெளியே வந்தேன். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. இத்தனை நாள் வாய் திறக்காதவள் ஒரே மூச்சில் சொன்னாள்: "இடது மார்பு டாக்டர். நாப்பது நாளா செவந்து வீங்கியிருக்கு. பால் கொடுக்கல. காம்பு உள்ள இழுத்திருக்கு. காய்ச்சல் மூணு நாளா."

"போன தடவையே ஏம்மா சொல்லல?"

"அவர் பக்கத்துல இருந்தாரே. அந்த வார்த்தையே அவருக்கு ஆகாது. ஒருநாள் வேலையைப் பத்திப் பேசினதுக்கு, இந்த அசிங்கத்தையெல்லாம் ஆபீஸ்லயே வெச்சுட்டு வான்னுட்டார்."

சொன்னது எனக்கு நினைவுகூட இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சீழை எடுக்க வேண்டும், புற்றுநோய் இல்லையென்று உறுதிசெய்ய சதையும் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர், என்னையும் உள்ளே கூப்பிட்டு. வெளியே வராந்தாவில் வந்து உட்கார்ந்ததும் என் அக்கா போன் செய்தாள்.

"என்னடா சொன்னாங்க?"

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா, சாதாரணக் காய்ச்சல்தான்" என்றேன்.

அவள் என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அண்ணி, மார்புல சீழ்க்கட்டி. புத்துநோயான்னும் பாக்கப்போறாங்க" என்றாள், என் பக்கம் திரும்பாமலே.