குளம் நிரம்பக் கூடாது

குளம் என்றால் அது ஓரிடத்தில் கிடக்கும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் கண்டதெல்லாம் கிணறும் கோயில் கேணியும். தண்ணீர் ஏறும், இறங்கும். கல்லால் கட்டிய கரை அசையாது. அரசாங்கம் காணி கொடுக்கிறதென்று இரணைமடுவுக்கு மேற்கே காட்டுக்குள் குடியேறியபோது நல்ல கோடை. எங்கள் கொட்டிலுக்குக் கீழே, தூரத்தில், சேற்றுக் குட்டை ஒன்று தெரிந்தது. அதுதான் குளம் என்றார்கள். இதை நம்பியா வயல் செய்யப்போகிறோம் என்று அப்பா சிரித்தார்.

அந்தக் கோடையிலேயே தங்கச்சி காய்ச்சலில் செத்துப்போனாள். கைக்குழந்தை. குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். குடியேற்றத்துக்கு இன்னும் ஒரு சுடலைகூடக் குறித்துக் கொடுக்கப்படவில்லை. மேட்டு நிலம் அலவாங்குக் கம்பிக்கும் மசியவில்லை. குட்டைக்கும் கொட்டிலுக்கும் நடுவே, புல் படர்ந்த இடத்தில் மட்டும் மண் மெத்தென்றிருந்தது. பிள்ளைக்கு ஏற்ற மண் என்று சொல்லி அப்பா அங்கேயே புதைத்தார். சுற்றிவரப் பூவரசந் தடிகளை நட்டு வேலியும் அடைத்தார். யாழ்ப்பாணத்து ஆள் எங்கே போனாலும் முதலில் வேலிதான் அடைப்பான். செத்த பிள்ளைக்கும் அதில் விதிவிலக்கில்லை.

மாரி தொடங்குவதற்கு முன் முல்லைத்தீவிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி மாட்டுவண்டியில் புடைவை விற்க வந்தார். வேலியைக் கண்டு, அதென்ன என்று விசாரித்தார். அப்பா சொன்னதும் புடைவைக் கட்டை வண்டியிலேயே வைத்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"தம்பி, மாரிக்கு இது முழுக்கக் குளம். உங்கட கொட்டிலடிக்குத் தண்ணி வரும்."

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே கதைதான். "இஞ்சேருங்கோ, அவளை எடுத்து மேட்டில வைப்பம்."

"மண்ணுக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதே? பேசாமல் இரு," என்றார் அப்பா. சொன்னாரே தவிர, மறுநாள் விடியவே மண்வெட்டியோடு போய் அந்த வேலியைச் சுற்றி வரம்பு கட்டத் தொடங்கினார். வயலுக்குக்கூட அவர் அவ்வளவு உயரமாக வரம்பு கட்டியதில்லை.

மழை பிடித்துக்கொண்டது. குடியேற்றமே வானத்தைப் பார்த்துக் கும்பிட்டது. விதைத்த நெல் அந்தத் தண்ணீரில்தான் பிழைக்க வேண்டும். எங்கள் நெல்லும்தான். அம்மா மட்டும் மழை விடவேண்டுமென்று நேர்த்தி வைத்தார். அப்பா எதற்காகக் கும்பிட்டாரோ தெரியாது. பாவம், அவருக்கே தெரிந்திருக்காது. குளம் ஒவ்வொரு நாளும் எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. வரம்புக்குள் தண்ணீர் கசிந்தபோது அம்மா வாளியோடு இறங்கி அதை அள்ளி வெளியே ஊற்றினார். குளத்தை அள்ளிக் குளத்துக்குள்ளேயே ஊற்றுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் அப்பா போய் வாளியை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அடுத்த நாள் பூவரசந் தடிகளின் நுனி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

குளம் நிரம்பி வழிந்ததும் எல்லோரும் குளக்கட்டின்மேல் கூடிப் பொங்கினார்கள். வராவிட்டால் ஊர் கதைக்கும் என்று அப்பா அம்மாவையும் கூட்டிப் போனார். எனக்குக் கொண்டாட்டம். பொங்கிய புக்கையை இரண்டாந்தரமும் வாங்கித் தின்றேன். அம்மா தன்னுடைய பங்கை இலையோடு எடுத்துக்கொண்டு தண்ணீரோரம் இறங்கினார். குந்தியிருந்து, விரலால் நன்றாக மசித்து, சூடு ஆற ஊதினார். பிறகு இலையை மெதுவாகத் தண்ணீரில் விட்டார்.

குளத்துக்குப் படைக்கிறா, நல்ல பக்தி என்று பெண்கள் மெச்சினார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்குத் தந்திருக்கலாமே என்று வாய்விட்டே கேட்டேன்.

"உனக்கு இன்னும் எத்தினை பொங்கல் வரும்," என்றார் அம்மா.

வைகாசியில் தண்ணீர் வற்றியது. வேலியும் இல்லை, வரம்பும் இல்லை. எங்கும் ஒரே சமனாகப் புல் முளைத்திருந்தது. அங்கே மாடுகள் மேய்ந்தன. எந்த இடம் என்று அப்பாவாலும் காட்ட முடியவில்லை.

படைப்பதற்கு யாரும் சோற்றை மசித்து ஊதமாட்டார்கள். தங்கச்சி இருந்திருந்தால், குளம் நிரம்பிய அந்த மாதந்தான் அவளுக்கு முதற்சோறு தீத்தியிருப்போம். என் மூத்த பிள்ளைக்குச் சோறு தீத்த உட்கார்ந்து, ஒரு வாய்ச் சோற்றை மசித்து ஊதியபோதுதான் எனக்கு அது உறைத்தது. போய்ச் சொல்ல அப்போது அம்மாவும் இல்லை.